ஆழ்கடலுக்கு ஒரு சாளரம்

1985ஆம் ஆண்டு அத்திலாந்திக்கின் அடியில், ஏறத்தாழ 3,800 மீற்றர் ஆழத்தில், 'டைட்டானிக்' கப்பலின் சிதைவைக் கண்டறிந்தோருள் ஒருவர் றொபேட் பலாட். அடுத்த முறை தம்மையும் அழைத்துச் செல்லுமாறு பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அவருக்கு மடல் எழுதினர். இத்தகைய மடல்களுக்குப் பெரியோர் பெரும்பாலும் புன்னகையையே விடையாகத் தருவோம். அவரோ வழி தேடினார். 1989இல் மத்தியதரைக் கடலடியில் 'ஜேசன்' என்னும் ஆளில்லா இயந்திரம் கண்ட காட்சிகளை, வட அமெரிக்க அருங்காட்சியகங்களிற் கூடிய மாணவர் செய்மதி வாயிலாக அவ்வப்பொழுதே கண்டனர்.

அம்முயற்சி இணையவழியே தொடர்ந்தது. அவருடைய 'நோட்டிலசு' கப்பல் ஆழ்கடலை நேரடியாகக் காட்ட, பார்ப்போர் கேட்கும் கேள்விகளுக்குக் கப்பலிலுள்ளோர் விடையிறுக்கலாயினர். 2016இல் கலிபோர்ணியாவுக்கு அப்பால், ஊதா நிறமும் உருண்ட பெருவிழிகளும் கொண்ட சிறு கணவாய் ஒன்று தென்பட்டது. குழந்தை எதுவோ நழுவவிட்ட விளையாட்டுப் பொருள்போலும் என்று ஆய்வாளரே வாய்விட்டு நகைத்தனர். அந்நகைப்பும் பிள்ளைகள் செவிக்கு எட்டிற்று.