பொறுப்புச் சங்கிலி வடிவமைப்பு

ஒரு கோரிக்கையை எந்தப் பொருள் நிறைவேற்றும் என்பதை அனுப்புபவர் அறியத் தேவையில்லாதபடி நிரலை அமைக்கும் முறை. நிரலாளர்கள் ‘செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்பர். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகியோரின் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ (1994) நூல் விவரிக்கும் 23 வடிவமைப்புகளுள் ஒன்று.

கோரிக்கையை ஏற்கக்கூடிய பொருள்களான கையாளிகள் வரிசையாகக் கோக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததை மட்டுமே அறியும். கோரிக்கை வந்தால், இயன்றால் தானே முடிக்கும், இல்லையேல் அடுத்ததிடம் ஒப்படைக்கும். நூல் காட்டும் உதாரணம் உதவிக் குறிப்பு: பொத்தானுக்கு விளக்கம் இல்லையென்றால், கோரிக்கை அந்தப் பொத்தானைத் தாங்கும் உரையாடல் பெட்டிக்கும், பிறகு செயலிக்கும் செல்லும்.

ஜாவாவின் முதல் பதிப்பில் ஏ.டபிள்யூ.டி. வரைகலைத் தொகுப்பு இதையே நம்பியது. சுட்டி அசைவும் விசை அழுத்தமும் உறுப்பிலிருந்து கொள்கலனுக்கு ஏறிச் சென்றன. யாருக்கும் வேண்டாத நிகழ்வுகளும் அப்படியே ஏறியது வீண் சுமை. 1997இல் வந்த 1.1 பதிப்பு, நிகழ்வு தேவைப்படும் பொருள்களை மட்டும் கேட்பான்களாகப் பதிவுசெய்யும் முறைக்கு மாறியது. சங்கிலி முறையில் கோரிக்கை கடைசிவரை போயும் எவரும் எடுக்காமல், பிழைச்செய்திகூட இன்றி மறையக்கூடும் என்பது இன்னும் கவலைக்குரியது. எனவே சங்கிலியின் முடிவில் பொதுக் கையாளி ஒன்றை வைத்தே ஆக வேண்டும்.

வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா சர்வ்லெட்களின் வடிகட்டிகளில் இந்த வடிவமைப்பின் திரிந்த வடிவம் உண்டு: ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்துவிட்டு அடுத்ததை அழைக்கும், அனுமதிச் சோதனை தவறினால் அங்கேயே நிறுத்திவிடும்.