வீஷா: ஒரு விவசாயக் கல்லூரித் திருவிழா முடிஞ்ச கதை

செமஸ்டரோட கடைசி வாரங்கள் எப்படி இருக்கும்னு காலேஜ் படிச்ச யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. ரெக்கார்டு நோட்டு பாதில நிக்கும், எக்ஸாம் டைம்டேபிள் போர்டுல ஒட்டியாச்சு, ஆனா கல்ச்சுரல்ஸ், ஹாஸ்டல் டே, ஃபேர்வெல் எல்லாம் அப்பதான் வந்து நிக்கும். அப்படி ஒரு செமஸ்டர் முடியற நேரத்துக் கொண்டாட்டத்தோட வரலாறுதான் இன்னிக்கு எபிசோட். இடம், அமெரிக்காவுல அயோவா மாநிலம், ஏம்ஸ்னு ஒரு ஊர். கொண்டாட்டத்தோட பேர் வீஷா. 1922-ல ஆரம்பிச்சு 2014-ல ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரியோட முடிஞ்சுபோச்சு.

முதல்ல காலேஜ் பத்திக் கொஞ்சம். 1862-ல லிங்கன் கையெழுத்துப் போட்ட மோரில் சட்டம்னு ஒண்ணு இருக்கு. மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுக்கும். அதை வித்து வர்ற பணத்துல விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லித்தர்ற கல்லூரிய மாநிலம் நடத்தணும். இதை முதல்ல ஏத்துக்கிட்ட மாநிலம் அயோவா. 1872-ல முதல் பேட்ச் பட்டம் வாங்குச்சு. 24 ஆண்கள், 2 பெண்கள், அவ்வளவுதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் அந்தக் காலத்து காலண்டர். வசந்தத்துல கல்லூரி திறக்கும், நவம்பர்ல வருஷம் முடியும். லீவு பனிக்காலத்துல. ஏன்னா கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்க கூடுறதே அந்தப் பனிக்காலத்துலதான். கல்லூரிப் பசங்க லீவுல அங்க போய் வாத்தியார் வேலை பார்த்து ஃபீஸுக்குக் காசு சேர்ப்பாங்க. படிக்கிற மாசங்கள்லயும் தினமும் சில மணி நேரம் பண்ணைலயோ சமையல்கட்டுலயோ உடம்பு வணங்கி வேலை செஞ்சாகணும், அது கட்டாயம். ஆக, முதல் பேட்ச் பட்டம் வாங்கினதே அறுவடை முடிஞ்ச நவம்பர் மாசத்துலதான்.

பின்னாடி காலண்டர் மாறி, மத்த கல்லூரிகள் மாதிரியே வசந்தம் முடியறப்ப வருஷம் முடிய ஆரம்பிச்சுது. அப்ப ஒரு புதுச் சிக்கல். ஒவ்வொரு பிரிவும் தனித்தனியா ஒரு விழா வச்சுக்கிச்சு. இன்ஜினியரிங் பசங்களுக்கு செயின்ட் பேட்ரிக் நாள், ஹோம் சயின்ஸ் பெண்களுக்கு ஒரு நாள், விவசாயப் பசங்களுக்கு ஒரு கார்னிவல். ஒவ்வொண்ணுக்கும் கிளாஸ் கட். நம்ம ஊர் டிபார்ட்மென்ட் சிம்போசியம் சீசன் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல. கடைசில எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து 1922 மே மாசம் ஒரே விழாவா நடத்தினாங்க. பேரு எப்படி வச்சாங்கன்னா, வெட்டர்னரி, இன்ஜினியரிங், இண்டஸ்ட்ரியல் சயின்ஸ், ஹோம் எகனாமிக்ஸ், அக்ரிகல்சர்னு அஞ்சு பிரிவோட ஆங்கில முதல் எழுத்துகளையும் வரிசையா கோத்தா வர்ற சொல்தான் வீஷா. யார் பேரையும் விட்டுடக் கூடாதுங்கற கவலைல பிறந்த பேர்.

விழாவோட உயிர், என்னைக் கேட்டா, பாட்டும் டான்ஸும் இல்ல, ஓப்பன் ஹவுஸ்தான். ஒவ்வொரு துறையும் கதவைத் திறந்து வைக்கும். மாநிலம் முழுக்க இருந்து குடும்பங்கள், விவசாயிகள், அடுத்த வருஷம் சேரப்போற பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. உங்க வரிப்பணத்துல நாங்க என்ன கத்துக்கிட்டோம் பாருங்கன்னு மாணவர்களே நின்னு காட்டுவாங்க. விவசாயப் பசங்க மாடு, பன்னியையெல்லாம் குளிப்பாட்டிச் சீவி, நடுவர் முன்னாடி ஒழுங்கா நடக்கப் பழக்குவாங்க. ஒரே நாள்ல பழக்கிட முடியாது, வாரக்கணக்கா தினமும் அது கூட இருந்தாகணும், எக்ஸாம் படிப்புக்கு நடுவுல. ஹோம் சயின்ஸ் பெண்கள் செர்ரி பை சுட்டு வித்தாங்க. அதுக்கு நீளமா வரிசை நிக்கும். 1935 விழால வளாகத்து ஏரிக்கு அன்னங்கள் வந்தன. லான்ஸ்லாட், எலேன்னு பேர் வச்சாங்க. பின்னாடி அந்த ஏரிக்கு வந்த அன்னங்களுக்கும் அதே பேர்தான் வச்சாங்க.

பல தலைமுறை இப்படியே போச்சு. 1988-ல முதல் கலவரம். அடுத்து 1992, 1994. கலவரம்னா கூட்டம் ராத்திரில தெருவுக்கு வந்து பாட்டில் வீசறது, தீ வைக்கிறது, போலீஸோட மோதறது. விழா பெரிசாகப் பெரிசாக, பார்ட்டிக்குன்னே வெளியூர்ல இருந்து வர்ற கூட்டமும் சேர்ந்துக்கிச்சு. 1986-ல அயோவால குடிக்கிற வயசை 21 ஆக்கினாங்க. மாணவர்கள்ல பாதிக்கு மேல அந்த வயசைத் தொடாதவங்க. அவங்க குடிக்கறத நிறுத்தல, வளாகத்துக்கு வெளியே வாடகை வீடுகளுக்குள்ள போனாங்க. 1997-ல விழா நேரத்துல ஒரு இளைஞர் கத்தியால குத்தப்பட்டுச் செத்துப்போனார். அதுக்கப்புறம் மாணவர் தலைவர்களே மது இல்லாத விழான்னு உறுதி கொடுத்து, சில வருஷம் அமைதியா நடத்தினாங்க. 2004-ல மறுபடியும் கலவரம், கண்ணீர்ப்புகை. 2005-ல விழாவே கிடையாது. 2006-ல திரும்ப வந்துச்சு.

கடைசி அத்தியாயம் 2014 ஏப்ரல் 8. செவ்வாய்க்கிழமை ராத்திரி காலேஜ் பக்கத்துத் தெருக்கள்ல கூட்டம் கூடிருச்சு. காரைக் கவுக்கறாங்க, விளக்குக் கம்பத்தைச் சாய்க்கறாங்க. ஒரு கம்பம் ஒரு மாணவர் தலையில விழுந்து பலத்த காயம், உயிர் பிழைச்சார். மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் ஸ்டீவன் லீத் அந்த வாரத்து மிச்ச நிகழ்ச்சிகள நிறுத்தினார். சனிக்கிழமை ஊர்வலம், ஓப்பன் ஹவுஸ் எதுவும் நடக்கல. ஆகஸ்ட்ல, இனிமே வீஷாங்கற பேர்ல எந்த விழாவும் இல்லன்னு அறிவிச்சார்.

இங்கதான் எனக்கு உறுத்துது. செவ்வாய் ராத்திரி கம்பத்தைச் சாய்ச்சவங்க வேற, சனிக்கிழமை மாட்டை நடத்திக் காட்டக் காத்திருந்தவங்க வேற. ரெண்டாவது கூட்டத்துக்கு அது வருஷம் முழுக்கச் செஞ்ச வேலை. ஊர்வலத்துக்கு வண்டி அலங்காரம், கமிட்டி, அனுமதிக் கடிதம்னு ஓடினவங்க. தண்டனை அவங்களுக்குத்தான் போச்சு. ஆனா லீத் மேல எனக்குக் கோபமும் வரல. ஒரு உயிர் போயாச்சு, இன்னொண்ணு மயிரிழைல தப்பிச்சிருக்கு, உறுதிமொழி, ஒரு வருஷத் தடை எல்லாம் ஏற்கெனவே பார்த்தாச்சு. அடுத்த ஏப்ரல்ல யாரும் சாக மாட்டாங்கன்னு அவரால எந்தத் தைரியத்துல சொல்ல முடியும்? அஞ்சு பிரிவையும் விடாம கோத்த அந்தப் பேரு, வெளியூர்க்காரங்க காதுல எப்பவோ பார்ட்டிக்கான பேரா மாறிப்போச்சு. பேரை நிறுத்தினது அதனாலதான்னு நினைக்கிறேன்.

பேர் போச்சு, வேலை முழுசாப் போகல. வசந்தம் வந்தா அந்த வளாகத்துல மாணவர்கள் செர்ரி பை சுட்டு விக்கறது அதுக்கப்புறமும் தொடர்ந்துச்சு. உங்க காலேஜ்ல இப்படி நின்னுபோன விழா ஏதாவது இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.