சந்திராவை வழியனுப்பிய சீதாலட்சுமி அம்மாள்

புனே பல்கலைக்கழக வளாகத்தில் அயுகா என்ற வானியற்பியல் மையம் இருக்கிறது. பேராசிரியர் ஜயந்த் நார்லிகர் ஸ்தாபக இயக்குனராக இருந்து உருவாக்கியது. அதை 1992 டிசம்பர் 28 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தவர் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர். அவருடைய விஞ்ஞானத்தைப் பற்றி நம் அங்கத்தினர்கள் நிறையப் படித்திருப்பார்கள். அவரைப் பெற்ற தாயாரைப் பற்றியும் நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். தந்தை சி. சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சர் சி.வி. ராமன் அவருக்குச் சித்தப்பா. தாயார் சீதாலட்சுமி பத்துக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்று, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கம் செய்தவர். மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ‘உனக்குப் பிடித்ததைப் படி’ என்று மகன் பக்கம் நின்றவர் தாயார்தான்.

1930-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரிப் படிப்பு முடிந்து, கேம்பிரிட்ஜ் செல்ல அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்போது தாயார் கடும் நோயில் படுத்திருந்தார். இந்த நிலையில் போகலாமா என்று உறவினர்கள் தடுத்தார்கள். போயே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர் அந்தத் தாயார். ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார் பத்தொன்பது வயது சந்திரா.

அந்தக் கடற்பயணத்தில்தான் புகழ்பெற்ற அந்தக் கணக்கு பிறந்தது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குள்ளனாக நிலைபெறும். ஆனால் அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அப்படி நிலைபெற முடியாது. மேலும் சுருங்கிக்கொண்டே போகும். இதுவே ‘சந்திரசேகர் எல்லை’.

மறு வருஷமே, 1931-ல், தாயார் காலமானார். மகனுக்குக் கடைசி தரிசனம் கிடைக்கவில்லை.

1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அவருடைய முடிவைப் பரிகசித்தார். சந்திரா காலமெல்லாம் சண்டையிட்டுக்கொண்டிருக்கவில்லை. 1939-ல் நட்சத்திர அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி முடித்து, வேறு துறைக்கு நகர்ந்தார். பிறகும் சில வருஷங்களுக்கு ஒரு முறை புதிய துறையைத் தொடங்கி, நூல் எழுதி, அடுத்ததற்குப் போவார். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகமே அவர் இடம். துணை, பிரசிடென்சியில் உடன் படித்த மனைவி லலிதா. நோபல் பரிசு 1983-ல், கப்பல் பயணத்துக்கு 53 வருஷம் கழித்து வந்தது. 1995-ல் மறைந்தார். 1999-ல் விண்ணுக்குச் சென்ற நாசாவின் எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று பெயர்.

நான் வசிக்கும் கராடியில் ஐ.டி. அலுவலகங்களைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில், பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் நம்மவர் பலர். இன்று நாம் நினைத்தபோது பிள்ளையின் முகத்தைப் போனில் பார்க்கிறோம். சீதாலட்சுமி அம்மாளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. திரும்பப் பார்ப்போமா என்பது நிச்சயமில்லாதபோதும் ‘போய் வா’ என்றார். சந்திராவின் பெயரைச் சொல்லும்போது அவரையும் நம் குழந்தைகளுக்குச் சொல்வோம்.