விளையாட்டும் விதிமாற்றமும்



விளையாட்டின் விதிகள் காலந்தோறும் எவ்வாறு மாறின, அம்மாற்றத்தை ஆடுவோருக்கு யார் எவ்வாறு அறிவித்தனர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பள்ளியில் பல்லாண்டு வரலாறு கற்பித்தவன் நான். அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் வகுப்பறையில் விரித்துரைத்தோம். பலகையிலும் மைதானத்திலும் நடந்த மாற்றங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அன்று நாங்கள் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

இப்பொருளை எனக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் எங்கள் வானகரத்து இளைஞர்களே. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் மாலை வேளையில் நாலைந்து மாணவர்கள் கூடினால், கையில் இருப்பது கைப்பேசி விளையாட்டு. அவர்கள் பேச்சில் அடிக்கடி ஒரு குறை எழும். "அப்டேட் வந்திருக்கிறது சார். எதை மாற்றினார்கள் என்று ஒரு வரி இல்லை" என்பார்கள். நேற்று வரை வலுவாக இருந்த ஆயுதம் இன்று வலுவிழந்து போகிறது. பல வாரம் பழகிய திறமை ஒரே இரவில் பயனற்றதாகிறது. விளையாட்டுப் பிள்ளைகளின் முணுமுணுப்பு என்று இதனைத் தள்ளிவிடலாமா? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் தள்ளிவிட இயலாது என்றே தோன்றுகிறது.

நம் ஊர்ப்புற விளையாட்டுகளிலிருந்து தொடங்குவோம். பல்லாங்குழிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் ஊருக்கு ஊர் விதி வேறுபடும். ஒரு குழியில் எத்தனை முத்து இடுவது, வெறுங்குழிக்கு அடுத்த குழியை யார் அள்ளுவது என்பனவற்றில் ஒரே தெருவில்கூட இருவேறு வழக்கங்கள் இருக்கலாம். ஆயினும் அதனால் பெரிய பூசல் எழுவதில்லை. ஏன்? ஆட உட்காருமுன், "எங்கள் வீட்டு ஆட்டமா, உங்கள் வீட்டு ஆட்டமா?" என்று கேட்டு, இருவரும் ஒப்புக்கொண்ட பின்னரே முதல் முத்து விழும். விதி நூலில் இல்லை. ஆனால் ஆடுவோர் இருவருக்கும் அது தெரிந்திருந்தது, இருவரும் சம்மதித்திருந்தார்கள். விளையாட்டின் நியாயம் இவ்விரண்டில் அடங்கியிருக்கிறது.

ஆட்டம் ஊர் எல்லையைத் தாண்டும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. சதுரங்கத்தைப் பாருங்கள். இந்தியாவில் தோன்றிய அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபு நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. அரசனுக்கு அருகே நின்ற காய் அதுவரை மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்து வந்தது. இப்போது அது ராணியாகி, எத்திசையிலும் எத்தனை கட்டமும் பாயும் ஆற்றல் பெற்றது. எந்த அரசனும் ஆணையிடவில்லை. எந்தச் சபையும் கூடவில்லை. சில பத்தாண்டுகள் பழைய ஆட்டமும் புதிய ஆட்டமும் அருகருகே நடந்தன.

அந்தக் குழப்பமான காலத்தில், 1497ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் லூசேனா என்பவர் ஒரு சதுரங்க நூலை அச்சிட்டார். புதிய ராணியாட்டத்தைக் கூறும் அச்சிட்ட நூல்களுள் இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது அது. அதில் 150 ஆட்டப் புதிர்கள் உள்ளன. இது பழைய ஆட்டப்படி அமைந்தது, இது புதிய ராணியாட்டப்படி அமைந்தது என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். எந்த விதி என்று சொல்லாமல் புதிரைக் கொடுத்தால் அதற்கு விடை காண முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஐரோப்பாவில் இவ்வாறு மாறிய ஆட்டம் பின்னர் நம் நாட்டுக்கே திரும்பி வந்தபோது இங்கே வேறொரு ஆட்டத்தைக் கண்டது. இந்திய முறையில் காலாட்கள் தொடக்கத்திலும் ஒரு கட்டமே நகரும். அரசனைக் கோட்டைக்குள் வைக்கும் ஐரோப்பிய வழக்கம் இல்லை. அதற்கு ஈடாக, அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசிக் கட்டத்தை எட்டிய காலாள், அது எந்தக் காயின் வரிசையில் நிற்கிறதோ அந்தக் காயாகவே மாறும். இவற்றிலும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டு.

இவ்விரு முறைகளுக்கும் இடையே பாலம் அமைத்தவர்களுள் ஒருவர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. வடமொழியில் இருந்த சதுரங்க நிலைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1814இல் பம்பாயில் நூலாக வெளியிட்டார். ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை என்ற செய்தியை நூலின் தலைப்பிலேயே வைத்தார். நூலைக் கையில் எடுப்பவனுக்கு முதல் வரியிலேயே தான் எந்த விதியின் கீழ் நிற்கிறோம் என்பது விளங்கிவிடும்.

விதி மாற்றத்தின் பாரத்தைத் தன் தோளில் சுமந்த ஒரு மனிதரும் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இந்திய முறையில் ஆடி வளர்ந்தவர். 1929இல் இலண்டன் சென்று, அவ்வாண்டே பிரிட்டிஷ் வாகையர் பட்டம் வென்றார். 1932இலும் 1933இலும் மீண்டும் வென்றார். உலக வாகையராக இருந்த காபபிளாங்காவையும் ஓர் ஆட்டத்தில் வீழ்த்தினார். எனினும் ஆட்டத் தொடக்கத்தில் அவர் அடிக்கடி தடுமாறினார் என்று அறிஞர்கள் எழுதுகின்றனர். வியப்பென்ன? காலாள் இரண்டு கட்டம் பாயும் ஆட்டத்தின் தொடக்கங்களை மற்றவர்கள் இளமையிலேயே நூல்களிலிருந்து கற்றனர். அவரோ வளர்ந்த பின்னரே அந்த விதிகளைக் கற்றார். அவ்வளவு பெரிய மேதைக்கே விதி மாற்றம் சுமையாயிற்று என்றால், சாதாரண ஆட்டக்காரன் நிலை என்ன?

1924இல் பாரிஸ் நகரில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றியது. அதன் பின்னர் விதிகள் ஒரே இடத்தில் எழுதப்பட்டு, மாற்றங்கள் நாளிட்டு வெளியிடப்படும் வழக்கம் நிலைபெற்றது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் விதியைப் பற்றிக் கேள்வி கேளாமல் எதிரெதிரே அமர்ந்தனர் என்றால், அதற்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறு இருக்கிறது.

கிரிக்கெட்டிலும் இதே படிப்பினை. அதன் விதிகளைக் காப்பது 1787இல் தோன்றிய மேரிலிபோன் கழகம். பந்து வீசப்படுமுன் எல்லையைவிட்டு வெளியேறும் மறுமுனை ஆட்டக்காரரை ஆட்டமிழக்கச் செய்வது முறையா என்ற வழக்கு, 1947இல் வினு மன்கட் சிட்னியில் அவ்வாறு செய்த நாள் முதல் நடந்து வந்தது. 2019இல் நம் சென்னையின் அஸ்வின் ஜெய்ப்பூரில் அதையே செய்தபோது மீண்டும் பெரும் விவாதம் எழுந்தது. 2022 மார்ச் மாதம் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்த விதி, நியாயமற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து ரன் அவுட் என்ற பகுதிக்கு மாற்றப்படுகிறது; விதியின் வாசகம் மாறவில்லை; அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அது தெளிவுபடுத்தியது. எது மாறியது என்பதோடு எது மாறவில்லை என்பதையும் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அவகாசமும் தந்தார்கள். அறிவிப்புக்கு இலக்கணம் என்று இதனைக் கொள்ளலாம்.

இனிக் கணினி விளையாட்டுக்கு வருவோம். மென்பொருளில் செய்யும் திருத்தத்துக்கு ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணியில் போடும் ஒட்டு என்பது பொருள். முற்காலக் கணினிகளுக்குத் துளையிட்ட தாள் நாடாக்கள் வழியே கட்டளை கொடுத்தனர். தவறான துளையின்மேல் உண்மையாகவே தாள் ஒட்டினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 1944ஆம் ஆண்டுக் கணினியின் நாடாக்களில் அத்தகைய ஒட்டுகளை இன்றும் காணலாம். திருத்தத்தின் விவரங்களைப் பட்டியலிடும் குறிப்புக்குப் 'பேட்ச் நோட்ஸ்' என்று பெயர் வந்தது இதனால்தான். நாம் அதனைத் திருத்தக் குறிப்பு என்போம்.

தாள் ஒட்டு கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய ஒட்டு தெரிவதில்லை. விளையாட்டு, தொலைவில் உள்ள நிறுவனத்தின் சர்வர் கணினியில் இயங்குகிறது. அங்கே ஓர் எண்ணை மாற்றினால் உலகெங்கும் ஆடுவோர் அனைவருக்கும் விதி மாறுகிறது. பழைய விதிப்படியே ஆடுகிறேன் என்று மறுக்கவும் வழியில்லை. ஊர்த் திண்ணையில் இருந்த அறிதலும் சம்மதமும் இங்கே இல்லாமற் போகின்றன. கூகுள் நிறுவனத்தின் பிளே ஸ்டோரில் புதிய பதிப்பைப் பற்றி 500 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். ஆப்பிள் கடையில் 4,000 வரை இடமுண்டு. அந்த இடத்தில் நாம் பெரும்பாலும் காண்பது, "பிழைகள் நீக்கப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரியே. எந்தப் பிழை? எந்தச் செயல்?

இந்த மௌனம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குத் தென்கொரியாவில் நடந்த ஒரு வழக்கு சான்று. நெக்சான் என்னும் நிறுவனத்தின் 'மேப்பிள் ஸ்டோரி' விளையாட்டில் 2010இல் 'கியூப்' என்ற பொருள் விற்பனைக்கு வந்தது. பணம் கொடுத்து அதை வாங்கினால், ஆடுவோரின் கருவிகளுக்குச் சீட்டுக் குலுக்கல் போலப் புதிய ஆற்றல்கள் கிடைக்கும். சில மாதங்களுக்குள், பலரும் விரும்பிய ஆற்றல்கள் கிடைக்கும் வாய்ப்பை நிறுவனம் சொல்லாமலே குறைத்தது. 2011இல் சில சேர்க்கைகள் கிடைக்கவே கிடைக்காதபடி செய்தது. மாற்றம் எதுவும் இல்லை என்று அறிவிப்பும் கொடுத்தது. ஆடுவோர் ஒருபோதும் வராத பரிசை எதிர்நோக்கி ஆண்டுக்கணக்கில் பணம் செலவிட்டனர். 2021இல் அவர்கள் மின்பலகை பொருத்திய வண்டிகளைத் தெருவில் நிறுத்தித் தங்கள் குறையை எழுத்தில் ஓடவிட்டனர். உண்மை வெளிவந்தது.

2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வான் தண்டம் விதித்தது. வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற சட்டக் கடமை அன்று இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். அந்தக் கடமையும் 2024 மார்ச் 22 முதல் கொரியாவில் சட்டமாயிற்று. ஒரு வரி அறிவிப்பைக் கேட்ட ஆட்டக்காரரின் முணுமுணுப்பு, ஒரு நாட்டின் சட்டமாக வளர்ந்த கதை இது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏமாற்றி ஆடுவோரைப் பிடிக்கும் உத்திகளை வெளியிட்டால், அவர்களே அதனைப் படித்துத் தப்பிவிடுவர். ஒரு திருத்தத்தில் நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்கள் இருக்கும். அத்தனையும் எழுதினால் படிப்பார் யார்? இவை மெய்யே. பூட்டின் உள்ளமைப்பை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாசல் எங்கே மாறியது என்பதை வீட்டில் இருப்பவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆடுவோரின் வெற்றி தோல்வியையும் பணத்தையும் தொடும் மாற்றம் எதுவாயினும் அது மறைக்கத் தக்கதன்று.

அப்படியானால் நல்ல திருத்தக் குறிப்பு எது? முன்பு என்ன இருந்தது, இனி என்ன இருக்கும், எந்நாள் முதல், எக்காரணத்தால் என்ற நான்கு வினாக்களுக்கும் அது விடை சொல்ல வேண்டும். 'தாக்கும் ஆற்றல் சீர்செய்யப்பட்டது' என்று எழுதுவதைவிட, '40ஆக இருந்தது 36ஆகக் குறைக்கப்பட்டது' என்று எழுதுவது நேர்மை. எண் இருக்கும் இடத்தில் அணிச்சொல் எதற்கு?

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை அம்பத்தூரிலோ வேறெங்கோ மென்பொருள் எழுதும் பணியில் அமர்வீர்கள். அப்போது பலர் கண்ணுக்குத் தெரியாமல் விதியை மாற்றும் ஆற்றல் உங்கள் விரல்நுனியில் இருக்கும். வேலை முடிந்த களைப்பில், குறிப்பு எழுதும் கடமை அற்பமாகத் தோன்றும். விதியை மாற்றும் உரிமையோடு அதனை எடுத்துச் சொல்லும் கடமையும் சேர்ந்தே வருகிறது என்பதை அந்த வேளையில் நினைவிற் கொள்ளுங்கள். தமிழிலும் எழுதுங்கள், பத்து வயதுச் சிறுவனுக்கும் விளங்கும்படி எழுதுங்கள்.

இன்று ஆடுவோராக இருக்கும் நீங்கள், அறிவிப்பில்லாத மாற்றத்தைக் கண்டால் நாளையும் மாற்றத்தையும் குறித்துவைத்து, நயமான சொற்களில் உரியவர்களிடம் விளக்கம் கேளுங்கள். சினந்து எழுதும் நூறு வரிகளைவிடச் சான்றோடு எழுதும் நான்கு வரிகளுக்கு மறுமொழி கிடைக்கும். விதியை அறிந்து ஆடுபவனே தன் தோல்வியையும் மனமார ஏற்கிறான். அத்தகையவர்களைக் கொண்டே நல்ல ஆட்டமும் நல்ல சமுதாயமும் அமைகின்றன.