கணக்கர் தனித்தொழில் கண்ட வரலாறு

கணக்கு என்னுஞ் சொல் நம் மொழியில் எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே குறிப்பது. எழுத்துக்களின் வரிசையை நம் முன்னோர் நெடுங்கணக்கு என்றனர். பதினெட்டு நூல்களின் தொகுதியொன்றைப் பதினெண்கீழ்க்கணக்கு என்றனர். சிறுவர்க்கு எண்ணும் எழுத்தும் அறிவுறுத்திய ஆசிரியரைக் கணக்காயர் என்றனர். நக்கீரனாருடைய தந்தையார் மதுரைக் கணக்காயனார் என வழங்கப்பெறுதல் அன்பர்கள் அறிந்ததே. ஆதலின், கணக்கெழுதுதலை ஒரு மூலையிலமர்ந்து கூலிக்குச் செய்யும் எளிய வேலையென்று எண்ணுவோர், அச்சொல்லின் பெருமையையே அறியாதவராவர். அவ்வேலை பிறர்பாற் செய்யும் ஊழியமாக இருந்த நிலையினின்று, ஒருவர் தம் பெயரால் நடத்துந் தனித்தொழிலாக வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

நம் நாட்டார் கணக்கை எத்துணை உயர்வாக மதித்தனர் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களே சான்று பகரும். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் மீண்டும் பெயரெழுதப்பெறும் உரிமையை இழந்தனர். அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வுரிமையை இழந்தனர். பெரும்பாவஞ் செய்தாரையும் கணக்குக் காட்டாதாரையும் ஒரே நிரலில் வைத்து விலக்கிய அச்சபையார், பொதுப்பொருளுக்குக் கணக்கு இன்றியமையாதது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதி வைத்தனர்.

இனி, மேனாட்டு நிலையை நோக்குவோம். இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் 1494-ஆம் ஆண்டில் கணித நூலொன்று அச்சேறிற்று. அதனை இயற்றியவர் லூக்கா பாச்சியோலி என்னும் துறவியார். அவரும் ஓர் ஆசிரியரே. இளமையில் வெனிஸ் வணிகர் ஒருவருடைய புதல்வர்க்குக் கற்பித்தவர். வெனிஸ் வணிகர் கைக்கொண்டிருந்த இரட்டைப் பதிவு முறையை அந்நூலின் ஒரு பகுதியில் அவர் விளக்கினார். அன்றாட நிகழ்ச்சிகளைக் குறிக்கும் ஏடு, அவற்றை ஒழுங்குபடுத்தும் குறிப்பேடு, ஆள்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பிரித்தெழுதும் பேரேடு என மூன்று ஏடுகளை அவர் வகுத்துரைத்தனர். ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஓரிடத்திற் பற்றாகவும் மற்றோரிடத்தில் வரவாகவும் ஏறுதலின், இருபுறத்துத் தொகையும் ஒத்து நிற்றல் வேண்டும்; ஒவ்வாதாயின் பிழையுண்டென்பது தானே வெளிப்படும். அம்முறையைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் கூறிக்கொள்ளவில்லை. கடைகளில் வழங்கிய வித்தையை எல்லாருங் கற்குமாறு நூலிலேற்றிய பெருமையே அவருடையது.

ஆயினும் முறை மட்டும் நன்றாக இருந்தாற் போதாது. முதலாளியின்பாற் சம்பளம் பெறுங் கணக்கர், அம்முதலாளியின் கணக்கு பிழையென்று ஊரறியக் கூற வல்லரோ? இவ்வினா இங்கிலாந்தில் 1720-ஆம் ஆண்டிற் பெரிதாக எழுந்தது. தென்கடற் கம்பெனி என்னும் நிறுவனத்தின் பங்கு, அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுன் விலையில் நின்றது. கோடையில் 1,000 பவுனை எட்டிற்று. ஆண்டு முடியுமுன் 200 பவுனுக்குங் கீழே வீழ்ந்தது. பல குடும்பங்கள் கைப்பொருளிழந்து வாடின. பாராளுமன்றம் விசாரணை நடத்திற்று. அக்கம்பெனியின் இயக்குநருள் ஒருவருக்குத் தொடர்புடைய சாபிரிட்ஜ் நிலையத்தின் ஏடுகளை ஆராய்ந்து 1721-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதியவர் சார்லஸ் ஸ்நெல் என்பவர். அவர் லண்டன் மாநகரில் எழுத்துக் கற்பித்து வந்த ஆசிரியர், கணக்கரும் ஆவர். எண்ணையும் எழுத்தையும் ஒருவரே போற்றிய நம் கணக்காயர் மரபுக்கு அயல்நாட்டில் ஓர் இணை காண்கின்றோம்.

தனித்தொழில் என்னும் நிலை 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. வில்லியம் வெல்ச் டெலாய்ட் என்பவர் 15-ஆம் வயதில் லண்டன் கடன்முறி நீதிமன்றத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். நொடித்துப்போன வணிகரின் ஏடுகளை நாள்தோறும் கண்டு, ஒரு வாணிகம் எவ்வாறு வீழ்கின்றது என்பதைக் கற்றார். 1845-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றத்திற்கு எதிரிலேயே சிறியதோர் அலுவலகம் திறந்தார். 1849-ஆம் ஆண்டில் கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதைக் கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்யும் பொறுப்பு அவர்க்கு வாய்த்தது. கம்பெனி ஊழியரல்லாத ஒருவர் பங்குதாரரின் பொருட்டுக் கணக்கை ஆராயும் வழக்கம் இத்தகைய நியமனங்களால் வேரூன்றிற்று. 1854-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்துக் கணக்கர் கழகமும், 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கணக்கர் கழகமும் அரச சாசனம் பெற்றன.

நம் நாட்டில் 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் தணிக்கையாளரின் கடமையை வரையறுத்தது. 1918-ஆம் ஆண்டில் பம்பாயில் அரசாங்கக் கணக்கியற் பட்டயம் தொடங்கப்பெற்றது. 1932-ஆம் ஆண்டு விதிகளாற் கணக்கர் பதிவேடு ஏற்பட்டது. 1949-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தனிச் சட்டத்தின்படி, அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நிறுவப்பெற்றது.

இவ்வரலாற்றில் நம் தமிழ்ப் பெருமாட்டி ஒருவர்க்குத் தனியிடம் உண்டு. 1907-ஆம் ஆண்டிற் பிறந்த ஆர். சிவபோகம் அம்மையார் சென்னை இராணி மேரிக் கல்லூரியிற் பயின்றவர். நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டு சிறையிலிருந்தவர். வெளிவந்தபின் சி. எஸ். சாஸ்திரியாரிடம் தொழிற்பயிற்சி பெற்று, 1933-ஆம் ஆண்டிற் கணக்கியற் பட்டயத் தேர்விற் வென்று, இந்தியாவின் முதற் பெண் கணக்காளர் என்னும் சிறப்பெய்தினார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவுபெறலாகாது என்றொரு தடை குறுக்கிட்டது. அம்மையார் அதனை எதிர்த்து வழக்காடி வென்றார். 1937-ஆம் ஆண்டில் தம் பெயராலேயே சென்னையில் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். அந்நாளில் ஒரு பெண்மணி கணக்கு நிலையந் திறத்தல் எத்துணை அரிய செயலென்பதை நம் இல்லங்களிலுள்ள பெண்மக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் யாம் எடுத்துரைப்பது பழம்பெருமை பேசுதற்கன்று. வணிகக் கல்வி பயின்ற நம் இளைஞர் பலர், அரசாங்க வேலையொன்றையே எதிர்நோக்கி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். சிறு கடைக்காரரோ கணக்கெழுத ஆளின்றி இடர்ப்படுகின்றனர். 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், ஏடுகளை ஒழுங்காக வைத்தல் அவர்க்கு முன்னினும் இன்றியமையாததாயிற்று. சட்டப்படியான தணிக்கை பட்டயக் கணக்காளர்க்கே உரியது. ஆனால் அன்றாடக் கணக்கைச் செம்மையாக எழுதிக் கொடுத்தற்கு அப்பட்டயம் வேண்டுவதில்லை. ஒரு மேசையும், ஒரு கணினியும், பூட்டுள்ள பேழையொன்றும், இரட்டைப் பதிவில் நல்ல தேர்ச்சியும் இருப்பின், இரண்டு மூன்று கடைகளைக் கொண்டே தொழிலைத் தொடங்கலாம்.

தொடங்குவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. செய்யும் வேலை யாது, ஊதியம் எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் வரையறுத்துக் கொள்க. ஒருவர் கடையின் இரகசியத்தை மற்றொருவர் செவிப்படச் செய்யாதொழிக. பெற்ற சீட்டுக்களை எண்ணி வாங்கி எண்ணித் திருப்புக. பிறர் கணக்கை எழுதுமுன் தம் வரவு செலவைத் தனியேட்டில் எழுதுக. தம் ஐந்தொகையை நேர்செய்ய மாட்டாதவரிடம் ஊரார் ஏட்டைக் கொடார்.

இவற்றினும் அரியது ஒன்றுண்டு. நம்மவர்க்குள் கணக்கெழுதுங்கால் உறவு குறுக்கே வந்து நிற்கும். மாமன் கடைக்கு ஊதியங் கேட்க நாக்கு எழாது. மைத்துனர் ஒரு விற்பனையை மறைத்தெழுதச் சொல்வாராயின் மறுக்கவும் நாக்கு எழாது. ஊதியத்தை விட்டுக்கொடுத்தலால் வருவது பொருளிழப்பே. பொய்யெழுத இசைதலால் தொழிலே அழியும். அக்கடைக்காரரும் ஒருநாள் வரி அதிகாரிகளின் முன் நிற்க நேரும். அன்று அவரைக் காப்பாற்றுவது நேரிய ஏடேயன்றி உறவன்று. உத்திரமேரூர்ச் சபையார் கணக்குக் காட்டாதவனுடைய உறவினரையுஞ் சேர்த்து விலக்கியதன் கருத்தை இங்கே ஆழ்ந்து நோக்குக. ஒருவன் கணக்கில் நேரும் குறை அவன் குடும்பத்தாரையும் பற்றும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். உறவினரிடத்து உண்மையான அன்புடையவர், அவர் ஏட்டில் ஒரு பொய் எண்ணும் ஏறவொட்டார்.

நம் சங்கத்திற் கடை நடத்தும் பெரியோர், இத்தொழிலில் இறங்கும் இளைஞர்க்கும் பெண்மக்கட்கும் தத்தம் ஏடுகளை முதலில் ஒப்படைத்து, உரிய ஊதியத்தையுந் தட்டாமற் கொடுத்து ஆதரிப்பாராக. கணக்கு நேராக நிற்குங் குடியில் வழக்கு நுழையாது. வழக்கில்லாத குடி வளரும்.