சாரல்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்றோடு மலையிலிருந்து இறங்கும் மென்மழைக்குச் சாரல் என்று பெயர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை இதன் காலம். அரபிக்கடலின் ஈரக்காற்று கேரளப் பக்கத்தில் பெருமழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் மலைமுகடுகளைத் தாண்டியும் கிழக்கே வரும்போது மிஞ்சியிருக்கும் நுண்துளிகளே சாரலாகின்றன. மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் வந்து முகத்தில் படும், குடைக்கு அடங்காது. புருவத்தில் துளி கோத்து நிற்கும். கொடியில் போட்ட துணி மாலைவரை ஈரம் உலராது. “சாரல் அடிக்கு” என்பது ஊர்ப்பேச்சு.

சங்க நூல்களில் சாரல் என்றால் மலைச்சரிவு. குறுந்தொகை 3-ஆம் பாடலில் கருங்காம்புக் குறிஞ்சி பூப்பது அத்தகைய சாரலில்தான். குறிஞ்சித் தலைவனைச் ‘சாரல் நாடன்’ என அழைப்பதும் அப்பொருளிலேயே. அடுத்திருத்தல், சாய்தல் என்னும் பொருளுடைய ‘சார்’ அடியோடு ‘அல்’ விகுதி சேர்ந்த சொல் இது. சரிவின் பெயர் அங்கே பெய்யும் மழைக்கு ஆகிவந்ததை இலக்கணிகள் இடவாகுபெயர் என்பார்கள். மலைமுகட்டு மேகத்திலிருந்து விழும் தூறல் என்ற பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் தருகிறது.

மலையாளத்தில் தூறுவதைச் ‘சாறுக’ என்பர். அது வல்லின றகரம். அதை வைத்துத் தமிழிலும் ‘சாறல்’ என எழுதுவோர் உண்டு. ஒலி நெருங்கினாலும், தமிழ்ச் சொல்லை மலைச்சரிவோடு பொருத்துவதே வலுவானது. மழை சரிவில் பிறக்கிறது, சரிந்தே விழுகிறது. இரண்டும் ‘சார்’ என்ற அடிக்கு இயல்பாகப் பொருந்துகின்றன.

தூறல், தூவானம் ஆகியவற்றைச் சாரலோடு ஒன்றாகக் கொள்ளக் கூடாது. தூறல் எங்கும் விழும், காற்று வேண்டியதில்லை. தூவானம் பெருமழையின் ஓரத்தில் தெறிப்பது. மழை விட்ட பிறகும் நீடிப்பது. சாரலுக்குக் காற்று கட்டாயம். குற்றாலத்தாரைக் கேட்டால் மலையும் கட்டாயம்.

அங்கே ‘சீசன்’ என்றாலே சாரல் காலம்தான். அருவியில் நீர் விழுவதும் கடைத்தெரு களைகட்டுவதும் அதை நம்பியே. தமிழ்நாடு அரசு குற்றாலத்தில் நடத்தும் விழாவுக்கும் சாரல் விழா என்றே பெயர். சமவெளி ஊர்களிலோ, சன்னல் வழியே காற்றோடு உள்ளே வந்து விழும் எந்த மழையும் இன்று சாரல்தான். வடகிழக்குப் பருவமழையும் விலக்கல்ல.