சீடர்: ஒரு சொல்லும் ஒரு சுவரும்

மூலக்குளத்திலிருந்து விழுப்புரம் சாலையில் புதுச்சேரி நோக்கி வந்தால் ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார், இறந்துபோன தம் மகனின் நினைவாக 1745இல் எழுப்பிய கோயில் அது. அந்திரேயா கலிலேயாக் கடலில் வலை வீசிய மீனவர். இயேசுவின் பின்னால் முதலில் நடந்த இருவரில் அவர் ஒருவர் என்கிறது யோவான் நற்செய்தி. கீழைத் திருச்சபைகள் அவரை ‘முதலில் அழைக்கப்பட்டவர்’ என்ற அடைமொழியாலேயே போற்றுகின்றன. தமிழில் அவருக்குச் சீடர் என்று பெயர். இந்தச் சொல் புதுச்சேரி மண்ணில் யாரை உள்ளே அழைத்தது, யாரை வாசலில் நிறுத்தியது, வாசலில் நின்றவர்கள் அதே சொல்லை எடுத்து என்ன கேட்டார்கள் என்பது தனி வரலாறு.

சீடன் வடமொழியிலிருந்து வந்த சொல். கற்பித்தல், நெறிப்படுத்துதல் என்னும் பொருள்கொண்ட ‘சாஸ்’ வேரிலிருந்து ‘சிஷ்ய’ பிறந்தது. கற்பிக்கப்பட வேண்டியவன் என்பது பொருள். பிராகிருதத்தில் அது ‘சீஸ’ என்று நீண்டது. தமிழுக்கு வரும்போது ஷகரம் டகரமாவது பழைய வழக்கம். விஷம் விடமானது, புருஷன் புருடனானான், பாஷை பாடையானது. அந்த வழியில்தான் சீஷன் சீடனானான். பேச்சில் மட்டும் சிஷ்யனும் சிஷ்யப்பிள்ளையும் இன்றுவரை நிற்கிறார்கள்.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் மாணாக்கன் என்ற சொல்லையே விரும்பியது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், பாடம் தொடங்குமுன்பே மாணாக்கரைத் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றவர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றவர் கடைமாணாக்கர். யாருக்குக் கற்பிக்கலாம், யாருக்குக் கூடாது என்றும் பட்டியல் இருக்கிறது. கற்கவேண்டியவன் ஆசிரியரைத் தேடி வர வேண்டும், தகுதியைக் காட்ட வேண்டும், பிறகு நிழல்போல் பிரியாமல் இருக்க வேண்டும்.

புதுச்சேரி வட்டாரத்துக்கு இந்த உறவு புதியதல்ல. பாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைச் சொல்கின்றன. திருபுவனையில் முதலாம் இராசாதிராசன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரியைக் காட்டுகிறது. நிலத்தில் விளைந்த நெல் அவர்களுக்குச் சோறானது. அந்த நெல்லை விளைவித்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்விக்கூடத்துள் நுழையும் உரிமை இல்லாதவர்கள்.

மடங்கள் வந்தபோது சீடர் என்ற சொல் விரிந்தது. குரு ஒருவர், அவரைச் சேர்ந்த குடும்பங்கள் பல. இல்லறத்தாரும் தங்களை இன்ன மடத்துச் சீடர் என்று சொல்லிக்கொண்டார்கள். குரு ஊருக்கு வருவார், தீட்சை தருவார், காணிக்கை பெறுவார், வழக்கும் தீர்ப்பார். ஆக, தனி ஒருவனின் கல்வியைக் குறித்த சொல் ஒரு கூட்டத்தின் சேர்மானத்தையும் குறிக்கத் தொடங்கியது. ஆனால் அந்தச் சேர்மானம் பெரும்பாலும் சாதி வழியாகவே நடந்தது.

கிறிஸ்தவம் தமிழுக்குள் வந்தபோது முதலில் கைகொடுத்தவை போர்த்துகீசியச் சொற்கள். பாதிரி அப்படி வந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தந்த அன்றிக் அடிகளாரின் காலம் அது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி வேறு வழி எடுத்தார். கோயில், பூசை, வேதம் போன்ற நாட்டு வழக்குகளை எடுத்தாண்டார்; தம்மைக் குருவாகவே நிறுத்திக்கொண்டார். குரு இருந்தால் சீடர் வந்தே தீர வேண்டும். நற்செய்தி நூல்களிலும் திருத்தூதர் பணிகளிலும் 250 தடவைக்கு மேல் வரும் ‘மதேத்தேஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கற்பவன் என்பதே நேர்ப்பொருள். மாணாக்கன் என்றாலும் பொருந்தியிருக்கும். நிலைத்தது என்னவோ சீடர்தான். அந்தியோக்கியாவில் இவர்களுக்குக் கிறிஸ்தவர் என்ற பெயர் விழுவதற்கு முன்பே சீடர் என்ற பெயர் இருந்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் தெளிவாகச் சொல்கிறது.

சொல் பழையது, உறவின் திசை மட்டும் தலைகீழானது. நன்னூலில் மாணாக்கன் ஆசிரியரைத் தேடிப் போகிறான். நற்செய்தியில் ஆசிரியரே கடற்கரைக்கு வருகிறார், சுங்கச்சாவடிக்கு வருகிறார், தகுதித் தேர்வு வைக்காமல் கூப்பிடுகிறார். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் வலையை விட்டு எழுந்து போகிறார்கள். அடுத்த வேளைச் சோறு எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. நம்பித்தான் போகிறார்கள்.

இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் இந்தச் சொல்லின் இரு முனைகளையும் தொட்டவர். ‘வேதியர் ஒழுக்கம்’ நூலில், ஊர்தோறும் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார்கள் எப்படி வாழ வேண்டும் என்று உருக்கத்தோடு எழுதினார். அதே கை மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களைப் பரமார்த்த குருவின் பின்னால் நடக்கவிட்டுத் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தது.

விவிலிய மொழிபெயர்ப்பில் சொல் இரண்டாகப் பிரிந்தது. சீர்திருத்தத் திருச்சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் சீஷர். கத்தோலிக்கர் வாசிக்கும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் சீடர். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கிறிஸ்தவ வீடுகளில் எது எந்தச் சபை என்பதை இந்த ஓர் எழுத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு உண்மையான சோதனை வந்தது புதுச்சேரியில். திருத்தந்தையின் தூதராக வந்த துர்னோன், 1704இல் புதுச்சேரியில் தங்கியிருந்தபோதே ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அன்று பறையர் எனப்பட்ட மக்களின் வீடுகளுக்குள் போய் நோயாளிகளுக்கு அருளடையாளங்கள் வழங்குவதைக் குருக்கள் தவிர்க்கக் கூடாது என்பது அதிலிருந்த கட்டளைகளில் ஒன்று. நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பிறகு, 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்த விவகாரத்துக்கு முடிவு கட்டினார்.

அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், புதுச்சேரியின் இயேசு சபைக் கோயிலில் நடந்ததை அக்காலப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். புனித பவுலின் பெயர் மக்கள் வாயில் திரிந்து ‘சம்பாக் கோயில்’ ஆன இடம் அது. கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். தாங்கள் உண்மையிலேயே அவருடைய சீடர்கள் என்றால் எல்லாச் சாதியாரையும் அவர் ஒன்றாக நடத்த வேண்டும், எல்லாரும் வணங்கும் ஆண்டவர் அப்படியொரு வேற்றுமை வைக்கவில்லையே என்று முறையிட்டார்கள். சாமியார் அவர்கள் சொன்னதன் நியாயத்தை ஒப்புக்கொண்டார். சுவர் இடிக்கப்பட்டது.

அவர்கள் கேட்டதன் கூர்மையைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இரக்கத்தைக் கேட்கவில்லை. ஒரு சொல்லின் பொருளைக் கேட்டார்கள். அவர்களைச் சீடர் ஆக்கியவர் சாமியார். சீடர் என்றால் என்ன என்பதை அவருக்கே நினைவூட்டியவர்கள் அவர்கள். பாகூரிலும் திருபுவனையிலும் வாசலுக்கு வெளியே நின்றவர்களின் வழிவந்தோர், உள்ளே இருந்தவர்களின் சொல்லையே உரிமைச் சாசனமாக்கிக் கொண்டார்கள். ஆண்டவர்மீது வைத்த நம்பிக்கையே அவர்களுக்கு வழக்கின் ஆதாரமும் ஆனது.

சாதிக் கிறிஸ்தவர்கள் இதை ஏற்கவில்லை, தகராறு வலுத்தது. அதே 1745இல்தான் கனகராய முதலியார் அந்திரேயா கோயிலைக் கட்டி முடித்து ஊருக்கே விருந்து வைத்தார். அந்த விருந்தில் ஒவ்வொரு சாதிக்கும் அவரவர் முறைப்படி ஏற்பாடு நடந்ததையும் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. முதலில் அழைக்கப்பட்ட சீடரின் பெயரால் எழுந்த கோயில், தனித்தனிப் பந்தி: இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே வட்டாரத்தில் நடந்தன.

இங்கே இன்னொரு சொல் வந்து சேர்கிறது: பங்கு. ஒரு குருவின் பொறுப்பில் உள்ள இறைமக்கள் குழுமத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் பங்கு என்கிறார்கள். பழைய வழக்கில் விசாரணை என்றும் சொல்வதுண்டு. விசாரணைக் குரு என்றால் மேற்பார்வை செய்யும் குரு. மலையாளத்தில் அதற்கு இடவக. ஐரோப்பிய மொழிகளில் புழங்கும் சொற்கள் ‘பரோய்க்கியா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை; அந்நிய மண்ணில் தங்கியிருப்போர் என்பது அதன் கருத்து. தமிழ்ச் சொல் வயலிலிருந்து வந்தது. பகு, பகிர், பகுதி என்ற குடும்பத்தைச் சேர்ந்த பங்கு, தொண்டைமண்டலத்துக் காணியாட்சி ஊர்களில் நிலத்தின் கூறைக் குறித்தது. பங்கு உடையவர் பங்காளி. பங்கு இல்லாதவர் கூலி.

இதனால்தான் தமிழில் பங்கு என்ற சொல்லுக்குள் உரிமைக் குரல் ஒலிக்கிறது. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், கோயிலில் சம உரிமை மறுக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். ஒரே சீடர் கூட்டத்துக்குள் தனிப்பங்கு கேட்க வேண்டிய நிலை வந்தது பெரும் வேதனை.

நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லும் இதற்கிடையே மாறியது. பழைய செபங்களில் விசுவாசம். ஆறுதலாக மூச்சு விடுவதைக் குறிக்கும் வடமொழி வேர் அதில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் அது எசமானிடம் காட்டும் பற்றாகக் குறுகிவிட்டது. பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. நம்பு என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். கடவுளை நம்புதல் என்பதன் அடியில் அவரை விரும்புதல் இருக்கிறது.

சீடத்துவம் குருக்களுக்கும் துறவியருக்கும் உரியது என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியது. இறையழைத்தல் என்றாலே குருமடமும் கன்னியர் மடமும் நினைவுக்கு வரும். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று சொன்னது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் நற்செய்தியை அறிவிக்கும் சீடர் என்றார். மண்ணில் இதற்கு வடிவம் கொடுத்தது அன்பியம். ஒரு பங்கை வீதி வீதியாகச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் கூடுவார்கள். பாய் விரிப்பார்கள், ஒருவர் நற்செய்திப் பகுதியை வாசிப்பார், பிறகு பகிர்வு. கட்டடத் தொழிலாளி பேசுவார், ஆசிரியை பேசுவார், பாட்டி பேசுவார். யார் வீட்டில் நோயாளி, யாருக்கு வேலை போயிற்று என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். யார் வீட்டில் கூடுகிறது என்பது முக்கியம். ஏனெனில் சில வீடுகளுக்குள் சிலர் அதற்கு முன் காலெடுத்து வைத்ததில்லை.

2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, தீண்டாமையும் சாதிப் பாகுபாடும் பாவம் என்றும் அவை திருச்சபைக்குள்ளும் இருக்கின்றன என்றும் வெளிப்படையாகச் சொன்னது. சம்பாக் கோயிலின் சுவர் இடிந்து 271 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வாக்குமூலம் அது. அன்று பெரிய சாமியாரிடம் வைக்கப்பட்ட கேள்வி இன்று கேட்கப்படும் இடங்கள் வேறு: கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை உண்டா, திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பங்குப் பேரவையில் யார் உட்காருகிறார்கள்.